தென்னம்பாத்தியில் நீல மாத்திரைகள்

போன மாதம் எங்கள் பழைய மருத்துவமனையிலிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. இப்போது அங்கே தலைமை நர்ஸாக இருக்கும் பெண் அனுப்பியிருந்தாள். செவிலியர் சங்க ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். கூடவே ஓர் அச்சடித்த படிவமும் இருந்தது. மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒவ்வொருவரிடமும் வாரம் ஒருமுறை கேட்க வேண்டிய கேள்விகள். வாய் வறள்கிறதா, கை நடுங்குகிறதா, உடம்பு விறைத்தாற்போல இருக்கிறதா, கால் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறதா, வெயில் பட்டால் தோல் எரிகிறதா, மருந்தை நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறதா, தோன்றினால் ஏன். ஓரத்தில் பேனாவால், "உங்கள் காலத்தில் இதெல்லாம் எப்படி, ஐயா?" என்று எழுதியிருந்தாள்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது அம்மணி என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். போட உட்கார்ந்தேன். ஆனால் 'தோன்றினால் ஏன்' என்ற அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டே சொல். அதை ஒரு மனிதரிடம் நான் கேட்காமல் விட்டதால் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதையே எழுதிவிடுகிறேன். மலருக்கு நீளம் அதிகம் என்றால் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் சத்தியமங்கலத்துக்காரன். பள்ளிக்கூடம் முடித்து, சென்னையில் ஆண் நர்ஸ் பயிற்சி எடுத்து, அதில் ஆறு மாதம் அங்கிருந்த பெரிய மனநோய் மருத்துவமனையில் கழித்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தேன். பொள்ளாச்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னைக்கு நடுவே ஒரு தனியார் மனநல மருத்துவமனை. ஆண்களுக்கு இருபது கட்டில், பெண்களுக்குப் பத்து. பெயரைச் சொல்லப் போவதில்லை.

அப்போது எங்களிடம் இருந்த வைத்தியம் என்று பார்த்தால் கம்பிக் கதவு, இரண்டு பலசாலிகள், பரால்டிஹைடு என்ற ஒரு திரவம். அதை ஊசியில் ஏற்றினால் ஆள் தூங்கிவிடுவார். தூக்கத்தில் விடும் மூச்செல்லாம் அந்த நெடி அடிக்கும். நான் வீட்டுக்குப் போனால் சட்டையைக் கிணற்றடியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று என் மனைவி சட்டம் போட்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஐம்பதுகளின் நடுவில் குளோர்புரோமசின் வந்தது. இந்த மருந்துகளைத் திட்டுகிறவர்களை இன்று நிறையப் பார்க்கிறேன். அவர்கள் அதற்கு முந்தைய வார்டைப் பார்த்ததில்லை. எங்களிடம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். இரண்டு வருடம் சுவரோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர். மருந்து கொடுத்த மூன்றாவது வாரம் ஒரு காலையில் என்னைப் பார்த்து, "இன்னைக்குப் பேப்பர் வந்துதுங்களா?" என்று கேட்டார். நான் ஸ்டோர் அறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை. கம்பிக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் மற்றது கண்ணில் படவில்லை. சத்தம் போட்டவர்கள் அடங்கினார்கள். அடங்கினால் குணமாகிவிட்டார்கள் என்று நாங்கள் எழுதினோம். எல்லோரும் ஒரே மாதிரி குறுகிய அடி எடுத்து வைத்து, கையை வீசாமல் நடந்தார்கள். எச்சில் ஒழுகும், தோளில் துண்டு வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் நின்றால் கழுத்தும் முன்கையும் சிவந்து உரிந்துபோகும். எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயிகள். வெயிலில் நிற்கக் கூடாத விவசாயி வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இனி எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் ராமநாதன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மூடிய கழுத்துக் கோட்டுப் போடுவார், குரலை உயர்த்தியதே இல்லை. நோயாளிகளை யாராவது 'டா' போட்டால் அன்று முழுக்க அந்த ஆளோடு பேச மாட்டார். நல்லவர், அதில் சந்தேகமே வேண்டாம். காலை எட்டு மணிக்கு ரவுண்டு வருவார். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கைகூப்பி, "எப்படி இருக்கீங்க?" என்பார். அவர்கள் "நல்லா இருக்கறனுங்க" என்பார்கள். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதைத் தவிர வேறு பதில் தெரியாது. உயிர் போகிற வலியிலும், பெரிய மனிதர் கைகூப்பி விசாரித்தால் "பரவாயில்லீங்க" என்பார்கள். அவர் கொடுத்த மருந்தை அவரிடமே குறை சொல்வது மரியாதையாகாது. டாக்டருக்கு இது தெரியாது, வேறு ஊர்க்காரர். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே.

நோயாளியின் வாயைவிட டாக்டர் அதிகம் நம்பியது எங்கள் ரிப்போர்ட் புத்தகத்தை. நீளமான நோட்டு, ஒரு நோயாளிக்கு ஒரு வரி, அதில் ஒரு நாளைக்கு ஒரு கட்டம். ஒழுங்காக இருப்பவருக்கு 'கொயட்', நிலையில்லாமல் திரிபவருக்கு 'ரெஸ்ட்லெஸ்'. இரண்டுக்கும் மேல் எழுத இடமும் கிடையாது. ரெஸ்ட்லெஸ் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்தால் டாக்டர் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு, மருந்தின் அளவை ஏற்றி எழுதுவார். அப்படியும் அடங்காதவர்களை மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கிச் சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு ரயிலேற்றிவிடுவோம். போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மருந்து கொடுப்பது என் வேலை. அதில் நான் சூரன் என்று எனக்கு நினைப்பு. தட்டில் பெயரெழுதிய சின்னக் கிண்ணங்கள், ஒரு சொம்புத் தண்ணீர். மாத்திரையைக் கையில் கொடுக்கக் கூடாது, நாக்கில் வைக்க வேண்டும். தண்ணீர் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தலையணை உறை, ஜன்னல் இடுக்கு, வேட்டி மடிப்பு என்று எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். டாக்டரே ஒருமுறை, "சுப்ரமணியத்தை ஏமாற்ற முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பாராட்டில் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாதம் ரங்கசாமி அண்ணன் வந்து சேர்ந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம், தெலுங்கு பேசும் நாயுடு குடும்பம், வயது நாற்பத்தைந்து இருக்கும். கிணற்றில் பங்காளிகள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று அவர் காதில் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். மாட்டுக்குக்கூடத் தண்ணீர் காட்ட விடாமல், கம்போடு கிணற்றைக் காவல் காத்திருக்கிறார். ஆனைமலைக் கோயிலுக்கும் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, கடைசியாக எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

அவருடைய மனைவி கோவிந்தம்மாள் முதல் நாளே என்னைத் தனியாக அழைத்து ஒன்று சொன்னார். ஒரே மகள் லட்சுமிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில், இவருக்கு வயிற்றில் புண், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"தையில வந்து மணையில உக்கார்ந்து தாரை வார்த்துக் குடுத்துட்டார்னா போதுமுங்க தம்பி. மெட்ராசுக்கு மட்டும் அனுப்பிப் போடாதீங்க. அந்தப் பேச்சு அவிய காதுக்குப் போச்சுன்னா கல்யாணம் நின்னு போகுமுங்க" என்றார்.

நான் ஆகட்டும் என்றேன். ஐந்து மாதம் இருந்தது. குளோர்புரோமசின் கொடுத்தோம். ஒரு மாதத்தில் விஷப் பேச்சு குறைந்தது; நாங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். ஆனால் பகலெல்லாம் தூங்கினார், வெயிலில் கை உரிந்தது. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. புதிதாக டிரைஃபுளுபெரசின் என்று ஒரு சின்ன நீல மாத்திரை வந்திருந்தது. தூக்கம் வராது, வெயிலும் அவ்வளவு சுடாது என்றார்கள். அதற்கு மாற்றினார். மனிதர்மேல் அக்கறைப்பட்டுத்தான் மாற்றினார்.

தூக்கம் போயிற்று. பத்து நாளில் அவர் நடக்க ஆரம்பித்தார். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, மறுபடி இந்தக் கோடி. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவார், எழுந்து ஒரு நடை போய்வருவார், மறுபடி இரண்டு வாய். நிற்கும்போதும் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டே இருப்பார். பழையபடி கிணற்றுக் காவல் நடக்கிறார் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். விவசாயி வரப்பில்தானே நடப்பார் என்று நான் கேலிகூடச் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒருநாள் அவர் என்னிடம் மெதுவாக, "கால் எலும்புக்குள்ள எறும்பு ஊருதுங்க தம்பி" என்றார். நான் அதை நோயின் பிதற்றல் என்று எழுதி வைத்தேன். டாக்டர் ரவுண்டு வந்தபோது அவரே கைகூப்பி, "நல்லா இருக்கறனுங்க" என்றார்.

ரெஸ்ட்லெஸ், ரெஸ்ட்லெஸ், ரெஸ்ட்லெஸ். சிவப்புப் பென்சில். இரண்டு மாத்திரை மூன்றாயிற்று.

ஐப்பசியில் ஒரு நாலு நாள் மட்டும் அவர் தேறினாற்போல இருந்தார். உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். 'கொயட்' என்று நானே எழுதினேன். நான்காம் நாள் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு தென்னையடியைக் கடந்து போகும்போது, வட்டப்பாத்தியின் ஈர மண்ணில் வெற்றிலை எச்சில் சிவப்புக்கு நடுவே ஒரு நீலக் கறையைப் பார்த்தேன். விரலால் கிளறினேன். கரைந்ததும் கரையாததுமாக நீல மாத்திரைகள், எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.

வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று அனுமதித்திருந்தோம். ரங்கசாமி அண்ணனுக்கு மேல்வரிசையில் கடைவாய்ப்பல் இரண்டு இல்லை. அந்தப் பொந்தில் மாத்திரையை அமுக்கிக்கொண்டு, என் விரலுக்கும் தப்பித்து, உடனே வெற்றிலை போட்டு வாயைச் சிவப்பாக்கிக்கொண்டு, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சாக்கில் போய்ப் பாத்தியில் துப்பிக் காலால் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. என்னையே ஏமாற்றிவிட்டாரே என்ற கோபம். பன்னிரண்டையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் வருத்தத்தோடு தலையாட்டி, இனி ஊசியாகவே போட்டுவிடுங்கள் என்றார். ரங்கசாமி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. "தப்புத்தானுங்க" என்று மட்டும் சொல்லி, ஊசிக்குக் கையைக் காட்டினார்.

ஊசியைப் பாத்தியில் துப்ப முடியாது. அடுத்த வாரம் அவர் நடந்த நடையில் குதிகால் வெடித்தது. உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துத் தேய்த்து வேட்டி நைந்தது. கண்களில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த கோவிந்தம்மாள், அவரோடு தெலுங்கில் ஏதோ பேசியபடி வார்டின் நீளத்துக்கும் கூடவே நடந்தார், கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு. போகும்போது என்னிடம், "சண்டை போடறதில்லீங்க, சரிதானுங்க. ஆனா என்ற ஊட்டுக்காரர் முகத்தையே காணோமுங்களே" என்றார். கார்த்திகை முடியும்போது டாக்டர் சென்னைக்கு அனுப்பும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை என் தங்கை வீட்டில் காதுகுத்து. அங்கே சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளாமல் மறுநாள் காலை குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. தெருக்கோடி டாக்டரிடம் என் மனைவி கூட்டிக்கொண்டு போனாள். அவர் வாந்தி நிற்க ஓர் ஊசி போட்டார். வாந்தி நின்றது. வீட்டுக்கு வந்து படுத்தேன்.

படுக்க முடியவில்லை. வலி இல்லை, ஜுரம் இல்லை. உடம்புக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு எழுந்திரு எழுந்திரு என்று தள்ளுகிற மாதிரி இருந்தது. எழுந்தால் நடக்கச் சொல்கிறது. நடந்தால் ஒரு கணம் தேவலை, நின்றால் மறுபடி அதே. தொடை எலும்புக்குள் எதுவோ ஊர்ந்தது. தோலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன், எத்தனை நடை என்று தெரியாது. என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க வார்டு ஆளுங்க மாதிரியே நடக்கறீங்களே" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் நின்றேன். நிற்க முடியாமல் மறுபடி நடந்தேன். நடந்துகொண்டேதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் தெருக்கோடி டாக்டரிடம் போய், என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். வாந்திக்குக் கொடுப்பதுதான், ஆனால் நீல மாத்திரையின் நெருங்கிய உறவுக்கார மருந்து. அங்கிருந்து மருத்துவமனைக்கு மிதித்தேன். மிதிக்கிற வரைக்கும் உடம்பு சும்மா இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கியதும் தொடங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ரங்கசாமி அண்ணன் வழக்கம்போல் வார்டில் நடந்துகொண்டிருந்தார். நானும் அவர் பக்கத்தில் சேர்ந்து நடந்தேன். வேறு வழியும் எனக்கு இல்லை. இரண்டு பேரும் அந்தக் கோடி போய்த் திரும்பினோம்.

"அண்ணா, அந்த மாத்திரையை ஏனுங்க புதைச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"முழுங்குனா உக்கார முடியறதில்லீங்க. துப்பிப் போட்டா உக்கார முடிஞ்சுதுங்க. புள்ள கல்யாணத்துல மணையில உக்காரோணுமில்லீங்களா, அதுக்குத்தானுங்க பழகிப் பாத்தேன்" என்றார்.

இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

"அத்தனை பெரிய மனுசர் கும்புட்டுக் கேக்கறாருங்க. அவரு குடுத்த மருந்து சரியில்லைன்னு அவரு மொகத்துக்கு நேரா எப்படீங்க சொல்றது?" என்றவர், இரண்டு அடி போன பிறகு, "புதைச்சதைக் கண்டுபுடிச்சீங்க. ஏன் புதைச்சேன்னு ஒருத்தரும் கேக்கலையேங்க தம்பி" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் அறைக்குள் போய் உட்காராமலே நின்றேன், கால் மாற்றிக் கால் மாற்றி. உட்காரச் சொன்னார். முடியாது சார் என்றேன். என் வாந்தி, ஊசி, என் நடை, ரங்கசாமி அண்ணன் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் டாக்டர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார், குறிப்பாக என் பாதங்களை. பிறகு எழுந்து ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து வந்து ஐப்பசிப் பக்கங்களைப் புரட்டினார். மாத்திரை பாத்திக்குள் போன அந்த நாலு நாளும் என் கையெழுத்தில் 'கொயட்'. ஊசி போட்ட மூன்றாம் நாளிலிருந்து 'ரெஸ்ட்லெஸ்'. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. அந்தப் பக்கத்தை நாங்கள் இருவரும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து, மருந்தை ஏற்றி எழுதிய தன் உத்தரவுகளின்மேல் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் 'என் பிழை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சென்னைக் காகிதத்தை நாலாக மடித்துக் கிழித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெரிய டாக்டர், ஆண் நர்ஸின் கண்முன்னால் அப்படிச் செய்வதைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அன்றைக்குத்தான் முழுசாயிற்று.

ஊசியை நிறுத்தினோம். நடுக்கவாத நோய்க்காரர்களுக்குக் கொடுக்கும் ஒரு மாற்று மருந்தைக் கொடுத்தார். எனக்கும் அதில் ஒன்று கொடுத்தார். எனக்கு அன்று மாலையே விட்டது. ரங்கசாமி அண்ணனுக்கு நாலைந்து நாள் பிடித்தது. நடை குறைந்தது, நின்றது. ஆனால் அப்படியே எல்லாம் சுபமாகிவிடவில்லை. மார்கழி நடுவில் பழைய குரல் லேசாக எட்டிப் பார்த்தது. கொடுத்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். மறுபடி மருந்து வேண்டும். இந்த முறை டாக்டர் பழைய அளவில் கால் பங்கில் தொடங்கினார். தினமும் கட்டிலருகே கைகூப்பி நிற்பதற்குப் பதில், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நல்லா இருக்கறனுங்க" என்று அவர் சொன்னதும் எழுந்து போகாமல், "அது மரியாதைக்கு. இப்ப நிஜத்தைச் சொல்லுங்க" என்பார். ரங்கசாமி அண்ணனுக்கு முதல் வாரம் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. வாய் பசை போட்ட மாதிரி ஒட்டுது, காலையில் விரல் மடங்க மறுக்குது, மனைவியிடம் பேசினால் சிரிப்பு உள்ளே வருது, உதட்டுக்கு வர மாட்டேங்குது.

இதையெல்லாம் எழுத ரிப்போர்ட் புத்தகத்தில் இடமில்லை. டாக்டர் புதுப் புத்தகம் தைக்கச் சொல்லி, ஒரு கட்டத்துக்கு மேல் 'நோயாளி சொன்னது' என்று தன் கையாலேயே தலைப்பிட்டார். அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுத வேண்டும் என்பது உத்தரவு. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, கால் எலும்பில் எறும்பு ஊர்கிறவர்கள் வார்டில் இன்னும் மூன்று பேர்.

ஒன்றை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அதற்கு முந்தைய வருடம் இரண்டு பேர் சென்னைக்குப் போயிருந்தார்கள். இருவருக்கும் நீல மாத்திரை. இருவருக்கும் 'ரெஸ்ட்லெஸ்', என் கையெழுத்தில். டாக்டர் அங்கே இரண்டு முறை கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அவர்கள் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதற்காக நடந்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

தை மாதம் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாக ரங்கசாமி அண்ணனை வீட்டுக்கு அனுப்பினோம். பத்திரிகையை அவரே தாம்பூலத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு நான் வயிற்றுப்புண் பார்த்த கம்பவுண்டர் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

தோட்டத்துப் பந்தலில் நான் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டேன். மணையில் அவர் உட்கார்ந்ததிலிருந்து என் கண் அவருடைய கால்களைவிட்டு நகரவில்லை. ஓமப்புகை, மேளம், சுற்றிலும் கூட்டம். வலது முழங்கால் ஒருமுறை அசைந்தது. நான் தூணைவிட்டு ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் பட்டுவேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, கோவிந்தம்மாள் நீரூற்ற, தாரை வார்த்துக் கொடுத்தார். கை கொஞ்சம் நடுங்கியது. மகளைக் கொடுக்கும்போது எந்த அப்பனுக்குத்தான் நடுங்காது என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். ஆமாங்க என்றேன்.

பந்தியில் என் இலைக்கு அவரே பரிமாற வந்தார். தோளில் துண்டு இருந்தது, வாயோரத்தை ஒற்றிக்கொள்ள. ரசம் ஊற்றிவிட்டு, நான் இரண்டு வாய் சாப்பிடும்வரை நின்றார்.

"சாப்பாடு எப்படீங்க தம்பி?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கல்யாண வீட்டுக்காரர், அத்தனை வேலைக்கு நடுவில், அவசரமே இல்லாமல்.

"ரசத்துல உப்புக் கரிக்குதுங்க. நானும் குடிச்சுத்தான் பாத்தேன்" என்றார். "நீங்களே நெசத்தைச் சொல்லாட்டி, நாங்க எப்படீங்க சொல்றது?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, "கரிக்குதுங்க அண்ணா" என்றேன்.

நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாக, மெதுவாகத்தான் வந்தது அந்தச் சிரிப்பு, ஆனால் உதடுவரை வந்துவிட்டது. பந்தியின் கோடியிலிருந்து கோவிந்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சோற்றுக் கூடையோடு அப்படியே நின்றார்.